கெமிஸ்தம் முதல் சுகர் வரை: ஒரு மருத்துவச் சொல் யாருக்குப் புரியணும்?

எபிசோடைக் கேட்காம படிக்கிறவங்களுக்காக இந்த எழுத்து வடிவம். பேச்சில் வந்த 'ம்', 'அப்புறம்', 'அதாவது' எல்லாத்தையும் வெட்டியாச்சு. மத்தபடி பேசினது பேசினபடிதான் இருக்கு.

திண்டுக்கல்லில் எந்த கிளினிக் வாசலில் வேணும்னாலும் பத்து நிமிஷம் உட்காருங்க. "எனக்குச் சுகர் இருக்கு", "அவருக்கு பிரஷர் ஏறிடுச்சு", "பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கு" என்று காதில் விழும். 'நீரிழிவு', 'உயர் இரத்த அழுத்தம்' எல்லாம் சுவரில் ஒட்டிய போஸ்டரில் இருக்கும். உள்ளே டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் இந்த இரண்டுமே இல்லாத மூன்றாவது மொழி ஒன்று இருக்கும். ஒரே நோய்க்கு ஒரே கட்டடத்துக்குள் மூன்று பெயர்கள். இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன, யார் வைத்தார்கள், எது நின்றது, எது காணாமல் போனது என்பதுதான் இன்றைய கதை.

நீரிழிவு இழிவான சொல்லா?

முதலில் சுகர். ஆங்கில டயாபட்டீஸ் ஒரு கிரேக்கச் சொல். அதன் அடிப்படைப் பொருள் 'ஊடாகக் கடந்து போவது'. குடித்த தண்ணீர் உடம்பில் தங்காமல் குழாய் வழியாகப் போவது போலப் போய்விடுகிறது என்று பழைய கிரேக்க மருத்துவர்கள் பார்த்தார்கள். அதைத்தான் பெயராக வைத்தார்கள்.

இப்போ தமிழ்ச் சொல்லைப் பிரிச்சுப் பாருங்க. நீர் + இழிவு. 'இழிவு' என்றதும் நமக்கு அவமானம்தான் நினைவுக்கு வரும். ஆனால் பழந்தமிழில் இழிதல் என்றால் இறங்குதல், வடிதல். மலையிலிருந்து அருவி இழியும். நீரிழிவு என்றால் நீர் வடிந்துகொண்டே இருப்பது. கிரேக்கர்கள் பார்த்த அதே அறிகுறியை, அதே கோணத்தில் பார்த்து வைத்த பெயர்.

சர்க்கரை இந்தக் கதைக்குள் இன்னொரு வழியாக வருகிறது. ஆயுர்வேத நூல்களும் சித்த மருத்துவமும் மதுமேகம் என்கின்றன. சிறுநீர் தேன் போல இனிக்கிறது என்ற கவனிப்பு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் இதே இனிப்பைப் பற்றி எழுதினார். டயாபட்டீஸோடு பின்னால் ஒட்டிக்கொண்ட மெல்லிட்டஸ் என்ற சொல்லுக்கும் 'தேன் கலந்த' என்றுதான் பொருள். சோதனைக்கூடம் இல்லாத காலம். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கிறீங்களா? நாக்கால்தான்.

இன்னொரு நோய் இருக்கிறது: டயாபட்டீஸ் இன்சிபிடஸ். இதிலும் நோயாளி தண்ணீர் தண்ணீராகப் போவார், ஆனால் சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இன்சிபிடஸ் என்றால் 'சுவையில்லாத'. 'சர்க்கரை நோய்' என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது? சர்க்கரை இல்லாத சர்க்கரை நோய் என்றா? போஸ்டரில் தூங்கிக்கொண்டிருக்கும் 'நீரிழிவு' இரண்டு நோய்க்கும் சரியாகப் பொருந்துகிறது. பழைய சொல் என்பதால் அது தவறான சொல் என்று ஆகிவிடாது.

மாடு, நண்டு, புற்று

அடுத்தது அம்மை. மாசி மாதம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் போனவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நோய்க்கே அம்மா என்று பெயர். வீட்டுக்கு வந்த அம்மாவை யாரும் விரட்ட மாட்டாங்க. வேப்பிலை செருகி, வீட்டைச் சுத்தமாக வைத்து, வெளியாட்களை உள்ளே விடாமல் இருப்பாங்க. அதாவது தனிமைப்படுத்தல் என்ற நடைமுறை அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. கூடவே, அம்மா வந்திருக்கும்போது மருந்து கொடுக்கலாமா என்ற தயக்கமும் அதே பெயரில்தான் இருந்தது. பெயர் ஒன்று, விளைவு இரண்டு.

பெரியம்மைக்கு எதிராக 1798-இல் எட்வர்ட் ஜென்னர் தன் ஆய்வை வெளியிட்டார். மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்ததை மனித உடம்பில் செலுத்தினால் பெரியம்மை வராது என்றார். லத்தீனில் பசுவுக்கு வாக்கா. அதிலிருந்துதான் வாக்சின். பின்னாளில் லூயி பாஸ்டர், ஜென்னருக்கு மரியாதையாக எல்லா நோய்த்தடுப்பு மருந்துக்கும் அந்தச் சொல்லையே வைக்கலாம் என்றார். மாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத கொரோனா மருந்துக்குள்ளும் ஒரு மாடு மேய்ந்துகொண்டிருப்பது இப்படித்தான்.

தமிழில் தடுப்பூசி. என்ன வேலை செய்கிறது, எதைக் கொண்டு செய்கிறது, இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிட்டது. ஆனால் போலியோ மருந்து வாயில் விடுவதாக வந்தபோது 'ஊசி' இடித்தது. உடனே சொட்டு மருந்து என்றோம். 'சொட்டு மருந்து முகாம்' என்றால் விளக்கமே தேவைப்படாது. இந்தச் சொல்லுக்குக் குழுவும் வேண்டாம், அகராதியும் வேண்டாம்.

கேன்சர் என்றால் நண்டு. கட்டியைச் சுற்றிப் புடைத்த நரம்புகள் நண்டின் கால் மாதிரி இருந்ததாகக் கிரேக்கர்கள் சொன்னார்கள். நமக்குப் புற்று. திண்டுக்கல்லிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் வேலியோரம் கரையான் புற்று இருக்கும். வெளியே தெரிவது கொஞ்சம், உள்ளே எவ்வளவு தூரம் அறை அறையாகப் போகிறது என்று தெரியாது. இடித்தாலும் திரும்ப எழும். நண்டை விட இந்தப் படம் நோயின் போக்குக்கு நெருக்கமாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வீட்டில் யாருக்காவது வந்தால் இந்தச் சொல்லையும் சொல்ல மாட்டோம், கேன்சரையும் சொல்ல மாட்டோம். 'அந்த நோவு' என்போம்.

சிக்குன்குனியா ஞாபகம் இருக்கா? 2006-இல் தமிழ்நாட்டையே படுக்கப் போட்டது. நான் அப்போ பள்ளிக்கூடம். எல்லாரும் 'சிக்கன் குனியா' என்றுதான் சொன்னோம். பிரியாணி ஊரில் அப்படி ஒரு பெயர் வந்தால் கோழியின் கதி என்ன? உண்மையில் அது தான்சானியாவின் மகோண்டே மொழிச் சொல். 1952-இல் அங்கே முதலில் அடையாளம் கண்ட நோய். மூட்டு வலியால் உடம்பு வளைந்து போவதைக் குறிக்கும் பெயர். நம்ம காதில் அதில் ஒரு 'குனி' கேட்கிறது, நோயும் ஆளைக் குனிய வைக்கிறது. இது முழுக்கத் தற்செயல். சொல்லாராய்ச்சி என்று யாரும் வாட்ஸ்அப்பில் போட்டுடாதீங்க.

மானிப்பாயில் ஒரு வகுப்பறை

இதுவரை சொன்னவை மக்கள் வாயில் தானாக விளைந்த சொற்கள். ஒருவர் உட்கார்ந்து, திட்டம் போட்டு, ஒரு முழு மருத்துவப் படிப்புக்கே தமிழ்ச் சொல் உண்டாக்கிய கதை ஒன்று இருக்கிறது. அதற்கு நாம யாழ்ப்பாணம் போகணும்.

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், வூஸ்டர் ஊர்க்காரர். 1822-இல் பிறந்தவர். 1847-இல் அமெரிக்கன் மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியம் பார்க்கவும் மருத்துவம் கற்பிக்கவும் ஆரம்பித்தார். இந்த மிஷன் நமக்குத் தெரியாத ஆள் இல்லை. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி மதுரைக்கு வந்ததும், அடுத்த ஆண்டே திண்டுக்கல்லில் நிலையம் போட்டதும் இதே மிஷன்தான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எட்வர்ட் செஸ்டர் என்ற மருத்துவ மிஷனரி திண்டுக்கல்லில் பல வருஷம் வைத்தியம் பார்த்திருக்கிறார். ஒரே ஆலமரத்தின் இரண்டு விழுது.

கிறீன் முதலில் ஆங்கிலத்தில்தான் சொல்லிக்கொடுத்தார். மாணவர்களும் நன்றாகப் படித்தார்கள். படித்து முடித்ததும் அரசாங்க வேலைக்கும் நல்ல சம்பளத்துக்கும் போய்விட்டார்கள். கிராமத்தில் யாரும் தங்கவில்லை. கிறீன் எடுத்த முடிவு: இனிமேல் தமிழில் சொல்லிக்கொடுப்போம். 1860-களில் வகுப்பு தமிழுக்கு மாறியது. அதற்கு முன்பே தொடங்கியிருந்த மொழிபெயர்ப்பு வேலை இப்போது வேகம் எடுத்தது. மாணவர்களையும் உதவியாளர்களையும் சேர்த்துக்கொண்டு அவர் தமிழுக்குக் கொண்டுவந்த மருத்துவப் பக்கங்கள் நாலாயிரத்துக்கும் மேல்.

அவர் சொல் உண்டாக்கிய விதத்தை மூன்று புத்தகத் தலைப்புகளை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, 1867-இல் வந்த 'இரண வைத்தியம்'. டுருவிட் எழுதிய அறுவை மருத்துவ நூலின் தமிழ். இரணம் என்றால் புண், காயம். இன்னைக்கும் "ரணமா வலிக்குது" என்கிறோமே, அதே சொல். நோயாளியின் வாயில் ஏற்கெனவே இருந்த சொல்லை எடுத்துப் பாடநூலின் அட்டையில் வைத்தார்.

இரண்டாவது, 1872-இல் வந்த 'மனுஷ அங்காதிபாதம்'. இது கிரேயின் அனாட்டமி. ஆமாம், இன்றைக்கும் எம்பிபிஎஸ் மாணவர்கள் பெயர் சொல்லும் அதே கிரே. மூலம் லண்டனில் வெளிவந்தது 1858-இல். பதினாலு வருஷத்தில் தமிழுக்கு வந்துவிட்டது. அங்காதிபாதம் என்ற பெயரைக் கேட்டால் தலைமுடி முதல் பாதம் வரை வர்ணிக்கும் 'கேசாதிபாதம்' நினைவுக்கு வரும். மக்கள் வாயில் சொல் இல்லாத இடத்தில் வடமொழியிலிருந்து கட்டினார். அன்றைய யாழ்ப்பாணத்துப் படித்தவர்களுக்கு அது பழகிய வழி.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1875-இல் வந்த 'கெமிஸ்தம்'. கெமிஸ்ட்ரியேதான்! ஆனால் அப்படியே விடவில்லை. வாலை வெட்டி 'அம்' போட்டார். இப்போது அது மரம், பாடம் மாதிரி ஒரு தமிழ்ப் பெயர்ச்சொல். கெமிஸ்தத்தை, கெமிஸ்தத்தில், கெமிஸ்தத்தால் என்று வேற்றுமை உருபெல்லாம் தடுக்காமல் ஏறும். புரோகிராமர்களுக்குச் சொல்லணும்னா, டைப்காஸ்ட் பண்ணியிருக்கார். மதிப்பு வெளியிலிருந்து வருது, ஆனால் நம்ம ஃபங்ஷனுக்குள் எர்ரர் இல்லாமல் ஓடுது.

ஒரே மனிதர், மூன்று வழி. தூய தமிழா, வடமொழியா, ஆங்கிலமா என்று பிற்காலத்தில் நாம் கட்சி கட்டிச் சண்டை போட்ட மூன்றையும் தேவைக்கேற்ப எடுத்துக்கொண்டார். அவர் கவலை மாணவனுக்கு நாளைக்குக் காலையில் பாடம் நடக்கணும் என்பது.

அவருடைய நோக்கத்தையும் மறைக்க வேண்டாம். அவர் மதம் பரப்ப வந்தவர். வூஸ்டரில் இருக்கும் அவர் கல்லறையிலேயே, தமிழருக்கான மருத்துவ ஊழியக்காரர் என்ற பொருளில்தான் பொறித்திருக்கிறது. 1873-இல் ஊர் திரும்பிய பிறகும் மொழிபெயர்ப்பு வேலையை விடவில்லை. உடல் இயங்கும் விதம் பற்றிய 'மனுஷ சுகரணம்' 1883-இல் வந்தது. அடுத்த ஆண்டு இறந்துபோனார். அவரிடம் படித்து மருத்துவர் ஆனவர்கள் அறுபதுக்கும் மேல்.

சொல் ஏன் செத்தது?

இன்றைக்கு அங்காதிபாதம் உடற்கூறியல் ஆகிவிட்டது. சுகரணம் உடலியங்கியல். இரண வைத்தியம் அறுவை சிகிச்சை. கெமிஸ்தம் வேதியியல். கிறீனின் சொற்கள் கடினம், அதனால்தான் போய்விட்டன என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் 'உடலியங்கியல்' மட்டும் என்ன டீக்கடையில் புழங்குதா?

ஒரு சொல் வாழ, அதைச் சொல்ல ஒரு வகுப்பறை வேண்டும். அதில் கேள்வி கேட்க ஒரு தேர்வு, தேர்ந்தவனுக்கு ஒரு வேலை, பாடநூலுக்கு அடுத்த பதிப்பு, எல்லாம் வேண்டும். கிறீனுக்குப் பின் தமிழ்வழி மருத்துவப் படிப்பு நீடிக்கவில்லை. சம்பளமும் மரியாதையும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தன. ஓப்பன் சோர்ஸில் இதை நாம தினமும் பார்க்கிறோம். கோடு அருமையாக இருக்கும், பராமரிக்க ஆள் இருக்காது. நாலு வருஷத்தில் யாரும் தொட மாட்டாங்க.

தமிழ்நாட்டுக் கதையும் இதே வளைவில்தான் போகிறது. 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களுக்காகவே ஒரு சங்கம் தொடங்கி, பத்திரிகையும் நடத்தினார்கள். 1936-இல் சென்னையில் விபுலானந்த அடிகள் தலைமையில் கலைச்சொல் மாநாடு நடந்தது. 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 'கலைச்சொற்கள்' தொகுப்பை வெளியிட்டது. பிற்காலத்தில், நம்ம ரயில் பாதையில் திருச்சிக்குப் போற வழியில் இருக்கும் மணப்பாறையைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்ட மணவை முஸ்தபா, யுனெஸ்கோ கூரியரின் தமிழ்ப் பதிப்பைப் பல ஆண்டுகள் நடத்தினார். மருத்துவத்துக்கும் கணினிக்கும் தனித்தனிக் கலைச்சொல் களஞ்சியங்கள் செய்தார். அதாவது சொல் இல்லை என்ற நிலை எப்போதோ போய்விட்டது. சொல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அவிழ்க்கிற இடம்தான் இல்லை.

எதிர் உதாரணமும் இருக்கு. ஆக்சிஜன் என்ற சொல்லே ஒரு பிழை. லவாய்சியே 18-ஆம் நூற்றாண்டில் அதற்கு 'அமிலம் உண்டாக்குவது' என்று பொருள்படப் பெயர் வைத்தார். எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை என்று பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. தமிழில் பிராணவாயு என்றோம், உயிர்வளி என்றோம். இரண்டும் ஆக்சிஜனை விட அர்த்தமுள்ள பெயர்கள். ஆனால் 2021 கொரோனா இரண்டாம் அலையில் பள்ளிக்கூடமே பார்க்காத பாட்டிகூட "ஆக்சிஜன் எவ்வளவு காட்டுது?" என்று கேட்டது. 94 என்றால் என்ன, 88 என்றால் என்ன என்று ஊருக்கே தெரிந்தது. வெளிநாட்டுச் சொல், தவறான வேர், ஆனால் உயிர் அதில் தொங்கியதால் அது நம்ம சொல் ஆனது.

நெகட்டிவ் என்றால் நல்லதா?

சொல் புரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் வீட்டிலிருந்தே ஒன்று சொல்றேன். வேடசந்தூர் பக்கம் என் அத்தை. கழுத்தில் ஒரு கட்டி, பயாப்சி எடுத்தாங்க. ரிசல்ட் வாங்கப் போன அன்னைக்கு கவுண்ட்டரில் இருந்தவர் பேப்பரைக் கொடுத்து, "நெகட்டிவ்மா" என்று சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டார். அத்தை வெளியே வந்து எனக்கு போன் போட்டாங்க. "ஏப்பா, நெகட்டிவ்ன்னுட்டாங்கப்பா. இனிமே என்னத்தச் செய்ய?"

அத்தை தமிழில் நெகட்டிவ் என்றால் கெட்டது. சீரியல் வில்லி நெகட்டிவ் கேரக்டர். ஆய்வுக்கூடத் தமிழில் நெகட்டிவ் என்றால் தேடியது கிடைக்கவில்லை, நிம்மதியாகப் போங்க. "தேடுன நோய் உங்களுக்கு இல்லத்தே" என்று நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவங்க ஒரு மரணத்தைச் சுமந்துகிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்னிருக்காங்க. கவுண்ட்டரில் இருந்தவருக்கும் 'இல்லை' என்ற சொல் தெரியும். அதைவிட எளிய தமிழ்ச் சொல் எது இருக்கு?

இதை ஏன் இப்போ பேசணும்னா, 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அதில் திண்டுக்கல்லும் ஒன்று. 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் மருத்துவம் படிக்கப் போறாங்க. அதில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயிரியலைத் தமிழில் படித்தவங்க. முதல் வருஷத்தில் அத்தனையையும் ஆங்கிலத்துக்கு மாத்தணும். பிறகு வார்டுக்குப் போனதும் நத்தத்திலிருந்து வந்த நோயாளிக்காகத் திரும்பத் தமிழுக்கு மாத்தணும். அந்தத் திரும்பும் வழிக்குப் பாடமும் இல்லை, மார்க்கும் இல்லை.

பொறியியலில் 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் கொண்டுவந்தது. மருத்துவத்தில் முழுப் படிப்பும் தமிழில் வரணுமா என்று எங்க டீமுக்குள்ளேயே சண்டை இருக்கு. ஆராய்ச்சிக் கட்டுரை, மேற்படிப்பு, வெளிமாநில வேலை என்று எதிர்த் தரப்பில் நியாயமான காரணங்கள் இருக்கு. அந்தச் சண்டை முடியுற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை இருக்கு. டிஸ்சார்ஜ் சம்மரியில் நாலு வரி தமிழ். சம்மதப் படிவத்தில், எந்த உறுப்பில் என்ன செய்யப் போறாங்க என்று நோயாளி வாசித்துப் புரிந்துகொள்ளும் தமிழ். பயாப்சி ரிசல்ட்டில் 'இருக்கு' அல்லது 'இல்லை'. கிறீன் கையாண்ட மூன்று வழியில் எதை எடுத்தாலும் எனக்குச் சரிதான்.

அடுத்த எபிசோடில் எலும்புகளின் பெயர்கள். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வேலை. உங்க வீட்டுப் பெரியவங்க வாயில் இருக்கும் நோய்ப் பெயர்களைக் கேட்டு எழுதி அனுப்புங்க. பொன்னுக்கு வீங்கி, மணல்வாரி, அக்கி, எது வேணாலும். எந்த ஊர், என்ன அறிகுறிக்குச் சொல்லுவாங்க என்பதையும் சேர்த்து எழுதுங்க.